ஒன்பதாம் தொகுதியில் பெய்யாத மழை

"கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்."

மருந்துக் கடையில் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. பெண்ணின் குரல், ஆனால் மூச்செடுக்காத, எச்சில் விழுங்காத, எந்த ஊரையும் சேராத குரல். திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கதிரையில் இருந்தபடி ஃபோனைக் காதருகே பிடித்திருந்தார். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துச் சொல்லும் குரல் அது. யாரோ அவருக்குப் பகிடி அனுப்பியிருக்கிறார்கள். பகிடியின் முடிவில் சின்னச் சின்ன மஞ்சள் முகங்கள். குரல் அவற்றையும் விடவில்லை. "கண்ணீர் வரச் சிரிக்கும் முகம். கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்." அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மருந்தை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று கடைப்பெண் சொன்னது காதில் ஏறவில்லை. வெளியே வந்து பாலத்தடியில் நின்றேன். வாவி அன்று தகரம் போலக் கிடந்தது, அசைவே இல்லாமல். அதே வாவியின் இன்னொரு கரையில், தன்னாமுனையில், ஒரு வீட்டின் பின் விறாந்தையில் வைத்து இதே குரல் என் மச்சாளுக்கு ஒரு பின்னேரம் பதினேழு தடவை இதையே வாசித்தது. பதினேழையும் அவள் எண்ணியிருந்தாள். பதினேழுக்கும் காரணம் நான்.

மச்சாள் என் மாமாவின் மகள்; அவளுக்கு நானும் மச்சாள்தான். ஒரே வயது, ஒரே வகுப்பு. படிப்பு முடிந்ததும் அவள் தையலுக்குப் போனாள், நான் ஒரு அலுவலகத்து மேசைக்கும், மேசைக்கடியில் ஒளித்து எழுதுகிற வசன கவிதைகளுக்கும் போனேன். தன்னாமுனையிலிருந்து ஏறாவூர் வரைக்கும் அவளிடம் சட்டை தைக்காத பெண்கள் குறைவு. என் கவிதைகளை வாசித்தவர்களையோ ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். இதை அவளே சொல்வாள், மற்றவர்கள் முன்னால் வைத்துத்தான் சொல்வாள்.

எங்கள் இரண்டு பேரையும் நடுவயதில் மறுபடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல ஒரே வாங்கில் இருத்தியது ஒரு கதை. ஒன்பது தொகுதிகள்; பதினான்கு வருடமாக வந்துகொண்டிருந்தது. முழுக்க முழுக்கக் கற்பனையான ஒரு கடலும் அதன் கரைகளும். உப்பு விளைவிக்கும் ஒரு சனம் தன் கரையிலிருந்து துரத்தப்படுகிறது. அவர்களைத் திரும்பக் கூட்டிப்போகிறேன் என்று ஒருத்தி கிளம்புகிறாள். தங்கையோடு கோபித்துக்கொண்டு பிரிந்தவள், முரடி, கணக்கில் புலி. நாங்கள் அவளுக்கு உப்புக்காரி என்று பெயர் வைத்திருந்தோம். தொகுதிக்குத் தொகுதி கப்பல் சேர்த்தாள், ஆட்களைச் சேர்த்தாள், பகையையும் சேர்த்தாள். எப்போது கரை வரும் என்பதுதான் கதை. மச்சாளின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நூல்கட்டைகளோடு தொகுதிகள் அடுக்கியிருக்கும்.

வாசகர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருந்தது. எங்கெங்கோ இருக்கிற நூற்றுச் சொச்சம் பேர். பெரும்பாலும் எங்களைவிட இளையவர்கள். அதில் மச்சாளின் பேச்சுக்கு ஒரு மரியாதை. மரியாதை என்றுகூடச் சொல்ல முடியாது, பயம். நான்காம் தொகுதியில் கால் முறிந்து கிடந்த மாலுமி ஆறாம் தொகுதியில் பாய்மரத்தில் ஏறுகிறான் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். எதையும் தையற்காரியின் கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். "கழுத்து வெட்டு நல்லா வந்திரிக்கு, கை பொருந்தல்ல" என்பாள் ஒரு அத்தியாயத்தைப் பற்றி. "இந்தக் கலியாணம் துணி போதாம வச்ச ஒட்டு" என்பாள் இன்னொன்றை. குழுவில் யாராவது புத்தகத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், "அக்கா வரட்டும், அளவெடுப்பா" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சீனி வருத்தம் அவளுடைய கண்ணுக்குள் போனது எட்டாம் தொகுதிக்கும் ஒன்பதாம் தொகுதிக்கும் இடையில். முதலில் ஊசித்துளை தெரியவில்லை. பிறகு ஊசி தெரியவில்லை. பிறகு ஒரு நாள் மெஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், ஒன்பது வந்தா நீதான்கா வாசிக்கோணும். இந்த மெஷின்காரி வாசிச்சா உப்புக்காரியும் அவளின்ட குதிரையும் ஒரே மாதிரிக் கதைக்கிதுகள்."

மெஷின்காரி என்றது ஃபோன் குரலை. அவளுடைய மகள் அந்த வசதியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். குழுவில் வருகிறதையெல்லாம் அது வாசிக்கும்; மச்சாள் குரல் செய்தியாகப் பதில் அனுப்புவாள்.

ஒன்பதாம் தொகுதி வந்தது. நான் களவாக முதலில் வாசித்தேன். இரண்டு நாள், சமையல் இல்லை, குளிப்பு இல்லை. முடித்த பிறகு புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். உண்மையாகவே எறிந்தேன், அட்டையின் மூலை மடங்கியது.

முடிவு இதுதான். சொந்தக் கரைக்கு அருகில் வந்ததும் உப்புக்காரி தன் கப்பல்களைத் தானே கொளுத்துகிறாள், யாரும் திரும்பிப் போக எண்ணக்கூடாது என்று. சனம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது. 'கப்பல்கள் எரிந்தன. கரையில் விளக்கு ஒன்றும் இல்லை.' அவ்வளவுதான். கரையில் ஏறினார்களா? தெரியாது. தங்கை உயிரோடு இருந்தாளா? தெரியாது. அடுத்த பக்கம் வெள்ளை.

குழு கொதித்தது. பதினான்கு வருடம் எங்களைத் தோணியில் வைத்துத் தள்ளிவிட்டு நடுவில் துடுப்பைப் பறித்துக்கொண்டார் என்று ஒருவர். கடைசித் தொகுதியை எழுத்தாளர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுதினார் என்று இன்னொருவர். இரண்டு பேர் மட்டும் அது துணிச்சலான முடிவு என்றார்கள். அவர்களை எல்லோரும் சேர்ந்து துரத்தினார்கள். நான் குழுவில் வாயைத் திறக்கவில்லை. பதிலாக ஒரு புனைபெயரில் நீண்ட விமர்சனம் எழுதி முகநூலில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் அத்தனை பேர் வாசித்ததில்லை. 'இடுப்பளவு தண்ணீரில் ஒரு இனத்தை நிறுத்திவிட்டு எழுத்தாளர் கை கழுவுகிறார். கழுவ அவருக்குத் தண்ணீர் நிறைய இருக்கிறது' என்று ஒரு வரி. அந்த வரியைப் பலபேர் எடுத்துப் போட்டார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு இனித்தது.

மச்சாளோ குழுவை மூடி வைத்திருந்தாள். "நான் கேட்டு முடியுமட்டும் ஒருத்தரும் என்ட காதுக்குள்ள முடிவைப் போடப்படாது" என்று எல்லோருக்கும் குரலில் கட்டளை போட்டுவிட்டு, வந்த செய்திகளை விரலால் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அலுவலகம் வெள்ளென முடிகிற நாட்களிலும் ஸ்கூட்டியில் போவேன். பின் விறாந்தையில் அவள் சாய்மனைக் கதிரையில், நான் பாயில். எதிரே கண்ணா மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல் விட்டுக்கொண்டு நிற்கும். அவள் புருஷன் உன்னிச்சைப் பக்கத்து வயலில் நிற்கிற நாட்கள் அதிகம்; வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் வாசிப்பேன். அவள் கை சும்மா இருக்காது. உடுத்த சீலையின் கரையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டிக்கொண்டே இருக்கும், தையல் எத்தனை நெருக்கம் என்று பார்க்கிற மாதிரி.

"நிப்பாட்டு. அந்த வசனத்தை மறுகா வாசி."

வாசிப்பேன்.

"போன முறை அவள் இடக்கையால வாளெடுத்தவள். இப்ப என்னகா வலக்கை?"

திருப்பிப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும். கண் இருந்தபோது கண்டதைவிட இப்போது அதிகம் கண்டாள். முடிவுக்கு அவள் எப்படித் தயாராகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைத் தீட்டுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

கடைசி அத்தியாயத்துக்கு நாள் குறித்தது அவள்தான். ஆனால் அன்று காலை கிளினிக்கில் இருந்தது. மற்றக் கண்ணிலும் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் போனபோது அவள் அதைப் பற்றி ஒரு வசனம்தான் சொன்னாள். "அது சரி, இனி லைட் பில் குறையும்." பிறகு, "வாசி கா" என்றாள்.

வாசித்தேன். பதினொரு பக்கம். கப்பல்களில் தீ ஏறியது. பாய்கள் எரிந்தன, கயிறுகள் எரிந்தன. சனம் தண்ணீரில் இறங்கியது. மச்சாளின் விரல்கள் சீலைக் கரையில் நின்றுவிட்டன. முகத்தை வாவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள், அங்கே ஏதோ எரிவது தெரிகிற மாதிரி. 'கப்பல்கள் எரிந்தன' என்று வாசித்தேன். அடுத்த வசனத்துக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தை நான் பலமுறை எனக்கே விளங்கப்படுத்திப் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மன் கோயிலில் வைகாசியில் கதவு திறந்தால் நாள்தோறும் கதை படிப்பார்கள். என் அப்பா படித்தவர்களில் ஒருவர். நியாயம் கிடைக்காத ஒருத்தி ஒரு நகரத்தை எரிக்கிற கதை. ஆனால் நகரம் எரிகிற இடத்தில் ஒரு நாளும் ஏட்டை மூடிக் கட்டமாட்டார்கள். எரித்தவளைக் குளிர வைக்க வேண்டும். தண்ணீர் வார்த்து, வேப்பிலை வைத்து, குளிர்ந்துகொள் தாயே என்று பாடி முடித்த பிறகுதான் ஏடு துணிக்குள் போகும். குளுத்தி என்போம். குளுத்தி பாடாமல் வீட்டுக்குப் போனால் காய்ச்சல் வரும், வயல் கருகும் என்று எங்கள் ஊரில் பயம். அந்தப் பயத்தோடு வளர்ந்தவள் நான். எரிகிற இடத்தில் புத்தகத்தை மூட என் கை பழகவில்லை.

அது ஒரு காரணம். அவளுடைய அன்றைய காலை இரண்டாவது காரணம். மூன்றாவதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று: எழுத்தாளரைவிட நான் நன்றாக முடிப்பேன் என்று காட்ட ஆசைப்பட்டேன். கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாலும்.

வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினேன். தாள் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகத் திருப்பினேன். பிறகு வாசித்தேன், இல்லாததை.

மழை வந்தது என்று வாசித்தேன். மேற்கிலிருந்து வந்தது, முதலில் மணமாக, பிறகு சத்தமாக. கப்பல்களின் விலாவெலும்புகளில் தீ சீறி அடங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற சனம் முகத்தை மேலே தூக்கியது. உப்பில்லாத தண்ணீரை அவர்கள் நாக்கு மறந்து போயிருந்தது. கரையில் ஒரு விளக்கு அசைந்தது. அது ஒரு பெண்ணின் கையில் இருந்தது. தங்கை வயது போய், மெலிந்து, ஒரு குடத்தோடு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் காலில் தண்ணீர் வார்த்தாள். உப்பு கரைந்து மணலில் இறங்கியது.

முடித்தேன். என் குரல் நடுங்கியதை அவள் கதையின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீரில் ஒரு தோணி போனது. கம்பு ஊன்றுகிற சத்தம் மட்டும்.

"கரை அடிச்சுத்தான்கா விட்டிரிக்கான்" என்றாள் கடைசியில். துணியின் ஓரத்தை மடித்துத் தைத்து முடித்திருக்கிறான் என்று எழுத்தாளரைச் சொன்னாள். "நான் பயந்து போனன். பிரிஞ்ச துணியா விட்டுப்போடுவான் எண்டு. என்ன மாதிரி எழுதியிரிக்கான் பாத்தியா? உப்பில்லாத தண்ணியை நாக்கு மறந்து போச்செண்டு... நீயும் எழுதிறதானே, படிச்சுக்கொள்ளு."

என் வசனத்தை எனக்கே பாடமாகச் சொன்னாள். நான் சிரித்தேன். உண்மையைச் சொல்ல அப்போது ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் தேத்தண்ணி போடப் போனேன்.

போகும்போது மட்டும் சொன்னேன். "குழுப் பக்கம் உடனே போகாத. அங்க ஒரே ஏச்சு."

"ஏச்சா? இதுக்கா?" அவள் கதிரையில் நிமிர்ந்தாள். "ஆருகா ஏசினது? சட்டையைப் போட்டுப் பாக்காம கை நீளம் எண்டு சொல்ற சாதிகள். நான் பாத்துக்கொள்ளுறன்."

அடுத்த நாள் அலுவலகத்தில் இருக்கையில் குழுவில் அவளுடைய குரல் செய்தி வந்து விழுந்தது. ஏழு நிமிடம். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்டேன். அத்தனை அழகாக அவள் ஒருநாளும் பேசியதில்லை. முடிவை ஏசியவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துக் கேட்டாள். "அவசரமா முடிச்சான் எண்டு சொல்றீங்களே, அந்த மழையை எவ்வளவு ஆறுதலா வர வச்சிரிக்கான்? அந்தத் தங்கச்சி ஒரு கேள்வியும் கேக்காம காலில தண்ணி வாத்தாளே, அதை ஏன் ஒருத்தரும் கதைக்கிறீங்க இல்ல? கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சநீங்களா, இல்ல வேற வேலை வந்திட்டா?"

பதில்கள் வரத் தொடங்கின.

"அக்கா எந்த மழை?"

"அக்கா வாசிச்சது பத்தாம் தொகுதி போல."

"எங்கட புத்தகத்தில மழை இல்ல, உங்கட கடையில ஃப்ரீயா குடுத்தவங்களா?"

பிறகு முகங்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. என் திரையில் அவை சத்தமில்லாமல் குவிந்தன. அவளுடைய விறாந்தையில் அந்தக் குரல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசித்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அது நான்தான், நான்தான் மாற்றி வாசித்தேன்' என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மேலதிகாரி தேடுகிறார் என்று யாரோ கதவைத் தட்டினார்கள். அழித்தேன்.

பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு பொடியன், நல்ல மனதோடுதான், எழுதினான்: "அக்காவுக்கு யாரோ பிழையாச் சொல்லியிருக்கினம். பாவம், ஏசாதீங்க. அக்கா, இந்த விமர்சனத்தில முழு முடிவும் இருக்கு, கேளுங்க." கீழே அவன் ஒட்டியிருந்தது என் விமர்சனம். புனைபெயரோடு, முழுவதும்.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. அவள் அதே கதிரையில் இருந்தாள். ஃபோன் மடியில் குப்புறக் கிடந்தது.

"வா" என்றாள். "காலடிச் சத்தத்திலயே தெரியிது, குத்தவாளி வாறாளெண்டு."

"மச்சாள்..."

"இரு. பதினேழு முகம். எண்ணினன். மெஷின்காரி ஒண்டையும் விடல்ல, அவளுக்குக் களவு தெரியாதுதானே." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த விமர்சனம் உன்ட."

நான் பாயில் குந்தினேன்.

"பேரை மாத்தினாப்போல? உன்ட வசனம் எனக்குத் தெரியாதா? கை கழுவ அவருக்குத் தண்ணி நிறைய இரிக்காம். இந்த மாதிரி வளைச்சு வளைச்சு வெட்டுறது இந்த ஊரில ஒருத்திதான். அப்ப, நீ ஏசியிரிக்கிறாய். ஊரெல்லாம் கேக்க ஏசியிரிக்கிறாய். எனக்கு மட்டும் மழை பெஞ்சிரிக்கு."

"நேத்துக் காலமை கிளினிக்ல அப்பிடிச் சொன்னதுக்குப் பிறகு, எரியிற இடத்தில நிப்பாட்ட எனக்கு ஏலாமப் போச்சு. குளுத்தி இல்லாம..."

"குளுத்தி கோயிலுக்குக்கா." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அம்மன் எரிஞ்சா ஊர் எரியும், அதால குளிர வைக்கிறம். நான் எரிஞ்சா ஆருக்கு என்ன? என்னை எரிய விட்டிரிக்கலாமே. பதினாலு வருசமாக் காத்திரிந்தநான். நல்லா ஏசிறதுக்கெண்டே காத்திரிந்தநான்."

கண்ணா மரங்களுக்குள் ஒரு கொக்கு இறங்கியது. அதைப் பார்ப்பதுபோல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தும் திருப்பினேன்.

"உனக்கொண்டு தெரியுமா?" என்றாள். "ஒட்டு தெரிஞ்சது. மழை தொடங்கின இடத்தில துணி மாறினது எனக்குத் தெரிஞ்சது. அது அவன்ட நெசவில்ல. விரல்ல தட்டிச்சு. ஆனா, சரி, கடைசியில அவன் வேற மாதிரி எழுதிப் பாத்திரிக்கான் எண்டு விட்டுப்போட்டன். மச்சாள் வாசிக்கிறாள், அவள் பிழையா வாசிப்பாளா எண்டு விட்டுப்போட்டன். கண் போச்சு, அதுக்கு டொக்டரும் நானும் என்ன செய்யிற? இதுதான்கா மிச்சமாக் கிடந்தது. ஒண்டைத் தொட்டால் நல்லதா கெட்டதா எண்டு சொல்ற இது. இப்ப அந்தக் குழுவில நான் வாயைத் திறந்தா, அக்காவுக்கு மழை பெய்யிது எண்டுதான் சிரிப்பாங்கள்."

அன்றே நான் குழுவில் உண்மையை எழுதினேன். நான்தான் மாற்றி வாசித்தேன், அவள் தவறவில்லை என்று. எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள், இதயங்கள் அனுப்பினார்கள். சிலர் என் மழையைப் பாராட்டினார்கள். எழுத்தாளரின் முடிவைவிட இது நன்றாக இருக்கிறதே, எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அதை எந்த முகத்தோடு வாசிப்பது? அந்த மன்னிப்புகளை மச்சாள் கேட்கவில்லை. அதற்கு முன்பே குழுவை விட்டு விலகியிருந்தாள்.

அதன் பிறகும் போனேன். கதைத்தோம். இறால் விலை, மகளின் இடமாற்றம், உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது வரைக்கும். ஒருமுறை ஒன்பதாம் தொகுதியைக் கொண்டுபோய், முதலிலிருந்து உள்ளபடி வாசிக்கிறேன் என்றேன்.

"வேணாம்கா" என்றாள். "இனி நீ சரியா வாசிச்சாலும் நான் கதையைக் கேக்கமாட்டன். உன்ட குரலைத் தடவிக்கொண்டிரிப்பன், எங்க ஒட்டு எண்டு."

நியாயம்தான். விமர்சனம் என்பது கோபம் என்று நான் நினைத்திருந்தேன். கோபத்தை அழகாகச் சொல்வது என்று. மச்சாளுக்கு அது வேறு. ஒரு பொருளைத் தன் கையால் தொட்டு, தன் வாயால் இது இப்படி என்று சொல்வது. பதினான்கு வருடம் ஒரு கதையின் பின்னால் நடந்தவளுக்குக் கடைசியில் சேர வேண்டியது அது ஒன்றுதான். நல்ல முடிவு வாய்க்காதவர்களுக்குக்கூட அது கிடைக்கும். அதை அவளிடமிருந்து இரண்டு முறை எடுத்தேன். முதல்முறை பொய்யான முடிவைக் கொடுத்து. இரண்டாவது முறை, உண்மையான முடிவை என் ஏச்சோடு சேர்த்து, இயந்திரத்தின் வாயால் கொடுத்து. அவள் அந்த முடிவைச் சந்தித்தபோது அது ஏற்கெனவே என் வசனங்களால் வெட்டுப்பட்டிருந்தது.

மகளுக்குக் கண்டியில் மாற்றம் கிடைத்தது. அம்மாவையும் கூட்டிப்போகிறேன் என்றாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அப்பா வயலே கதி என்று கிடக்க இங்கே தனியே விட முடியாது. மச்சாள் போன பிறகு எனக்கு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் எடுத்தால் மகள்தான் பேசுகிறாள். அம்மா சுகம், அம்மா நித்திரை, அம்மா கோயிலுக்குப் போனா. புத்தகங்களில் எட்டைக் கொண்டுபோனாள். ஒன்பதாவது என்னிடம் இருக்கிறது, மூலை மடங்கியபடி. அதற்குப் பிறகு நான் எழுதியவை எல்லாம் பாதியில் நிற்கின்றன. கடைசி வரிக்கு வரும்போது கை கூசுகிறது.

அவள் போன காலை வெயில் வெள்ளையாக அடித்தது. பிரதான வீதியில் வான் நின்றது. மெத்தைகள், பானைகள், போர்த்திய துணியோடு தையல் மெஷின். மகள் சாமான்களைக் கட்டுவதில் நின்றாள். மச்சாளை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருக்கையில் இருத்தினேன். கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

கதவைச் சாத்தப் போனபோது, "மச்சாள்" என்றாள்.

"ஓம்."

"அந்தக் கடைசி வரி என்ன? உள்ளபடி சொல்லு. ஒரு சொல்லும் கூட்டாம."

அந்த வரி எனக்கு மனப்பாடம். "கப்பல்கள் எரிந்தன. கரையில் விளக்கு ஒன்றும் இல்லை."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல. வெள்ளைத் தாள்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் சீலைக் கரையைத் தேடவில்லை, மடியில் கிடந்தன. சாரதி ஏறினான். வான் குலுங்கிக் கிளம்பியது. நான் இரண்டு அடி கூடவே நடந்தேன்.

யன்னலுக்கு வெளியே, நான் நிற்பதாக அவள் நினைத்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"கூடாத முடிவுதான்கா. உன்னைவிட நான் நல்லா ஏசியிரிப்பன்."